நாவுக்குத் துணை செய்யும் கல்வி

கொட்டியாரக் குடாவுக்குத் தெற்கே, வயல்களின் நடுவே அமைந்த ஊர் கிளிவெட்டி. நான்கு வயது நிரம்பியும் வாய் திறவாத பிள்ளை இவ்வூரின் ஒரு வீட்டில் இருக்கலாம். "கொஞ்சம் பொறு பிள்ளை, இவன்ர தகப்பனும் பிந்தித்தான் கதைச்சவன்" என்று அப்பம்மா ஆறுதல் கூறுவார். கோயிலில் நேர்த்தி வைக்கப்படும். ஆண்டொன்று கழியும். பிள்ளைக்குக் காது கேட்கிறதா, கேட்டது விளங்குகிறதா, விளங்கியதைச் சொல்ல நா இடங்கொடுக்கவில்லையா என்னும் மூன்று வினாக்களையும் பிரித்து ஆராய ஒருவர் வேண்டும். அவரே பேச்சுச் சிகிச்சையாளர். அத்தகையவர் எத்துணைக் கல்வி பெற்றிருத்தல் வேண்டும்? இவ்வினாவுக்கு உலகம் விடை கண்ட வரலாறு சுவையானது.

எழுத்தொலிகளின் பிறப்பை ஆராய்வது தமிழருக்குப் புதிதன்று. தொல்காப்பியத்தின் பிறப்பியல் அதனையே வகுத்துரைக்கிறது. ஆயினும், ஒலி பிறக்கும் இடத்தை அறிதல் வேறு. பிறவாத ஒலியைப் பிறப்பித்தல் வேறு. 1861ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் போல் புரோக்கா என்னும் மருத்துவர், "டான்" என்னும் ஓரசையன்றிப் பிறிதொன்றும் கூற இயலாதிருந்த நோயாளியின் மூளையை, அவர் இறந்தபின் ஆராய்ந்தார். இடப்பக்க முன்மூளையில் சிதைவு காணப்பட்டது. 1874இல் ஜெர்மானியரான கார்ல் வெர்னிக்கே, பேச்சை விளங்கிக்கொள்வதற்குரிய மற்றோர் இடத்தைக் காட்டினார். பேச்சுக் குறை நாவின் குறை மட்டுமன்று என்பது இவ்வாறு தெளிவாயிற்று.

எனினும், சிகிச்சை செய்தோருக்கெனத் தனிப்பட்டம் அக்காலத்தில் இல்லை. ஆஸ்திரேலியாவில் பேச்சுக்கலை ஆசிரியராயிருந்த லயனல் லோக், முதல் உலகப் போரில் அதிர்ச்சியுற்றுப் பேச்சிழந்த வீரருக்கு உதவினார். பின்னர் இலண்டன் சென்ற அவரிடம் 1926இல் திக்குவாய்க் குறைக்காக வந்தவரே பிற்காலத்தில் ஆறாம் ஜோர்ஜ் மன்னரானார். 1939 செப்டெம்பரில் போர் மூண்ட அன்று அம்மன்னர் ஆற்றிய உரையை வானொலிவழி உலகெங்கும் மக்கள் கேட்டனர். மன்னரைப் பேசவைத்த லோக்கிடம் மருத்துவப் பட்டம் இல்லை. அனுபவமே அவர் கல்வி. ஆனால், தகுதியற்றோர் பலரும் இத்தொழிலில் புகுந்துவிடக்கூடும் என்பதை உணர்ந்தோர், 1935இல் பிரித்தானியப் பேச்சுச் சிகிச்சையாளர் சங்கத்தை நிறுவினர். லோக்கும் அவருள் ஒருவர். 1945இல் பேச்சுச் சிகிச்சையாளர் கல்லூரி உருவாயிற்று.

அமெரிக்காவில் இக்கல்வி பல்கலைக்கழகத்திலேயே வளர்ந்தது. 1921இல் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் சாரா ஸ்ரிஞ்ச்ஃபீல்ட் இத்துறையில் கலாநிதிப் பட்டம் பெற்றார். 1925இல் சிறு குழுவினர் கூடி அமைத்த சங்கமே இன்று அந்நாட்டின் பெருஞ் சங்கமாக விளங்குகிறது. அது 1965 முதல் தன் சான்றிதழுக்கு முதுமாணிப் பட்டத்தைக் கட்டாயமாக்கியது. இன்று அப்பட்டத்துடன் 400 மணிநேர நேர்முறைப் பயிற்சியும், அதன்பின் மேற்பார்வையின் கீழ் 36 வாரப் பணியும், ஒரு தேர்வும் வேண்டப்படுகின்றன.

இந்தியா 1960களில் இவ்வழியில் அடியெடுத்து வைத்தது. மைசூரில் அகில இந்தியப் பேச்சு, செவிப்புல நிறுவனம் தோன்றியது. 1966இல் குடியரசுத் தலைவர் இராதாகிருஷ்ணன் அதற்கு அடிக்கல் நாட்டினார். அங்கு முதலில் தொடங்கியது முதுமாணி வகுப்பே. பிறருக்குக் கற்பிக்க வல்லோரை முதலில் ஆக்குதல் வேண்டும் என்பதே அதன் பயன். இன்று அந்நாட்டில் ஓராண்டு உள்ளகப் பயிற்சி உட்பட நான்காண்டு இளநிலைப் பட்டமும், அதன்மேல் ஈராண்டு முதுநிலைப் பட்டமும் உள்ளன. 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி அமைந்த இந்தியப் புனர்வாழ்வு மன்றம் பாடத்திட்டத்தை வகுத்து, தகுதியுடையோரைப் பதிவு செய்கிறது.

இலங்கை வேறு வழியை மேற்கொண்டது. களனிப் பல்கலைக்கழகத்தின் இராகமை மருத்துவ பீடத்தில், 1997இல் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் துணையுடன் பேச்சுச் சிகிச்சை டிப்ளோமா வகுப்புத் தொடங்கியது. சிகிச்சையாளரை விரைவில் ஆக்குவதே முதற்கடன் ஆயிற்று. பின்னர் அது நான்காண்டுப் பட்டப்படிப்பாக உயர்ந்தது. உடற்கூறு, நரம்பியல், ஒலியியல், உளவியல், மொழியியல், செவிப்புலவியல் ஆகிய யாவும் இதற்கு வேண்டும். பிளவுற்ற அண்ணத்துடன் பிறந்த குழந்தைக்கும், பாரிசவாதத்தால் சொல்லிழந்த முதியவருக்கும் ஒருவரே துணை செய்யவேண்டியிருத்தலின், கல்வியின் பரப்பைக் குறைத்தல் இயலாது.

ஆயினும், பட்டம் ஒன்றே போதுமா? ஆங்கிலத்தில் வல்லொலிப் பகரமும் மெல்லென ஒலிக்கும் பகரமும் பொருளை மாற்றும். தமிழில் இரண்டும் ஓரெழுத்துள் அடங்கும். மாறாக, மனமும் மணமும் தமிழில் வெவ்வேறு. ஆகவே ஆங்கிலச் சோதனையை மொழிபெயர்த்துத் தமிழ்ப் பிள்ளையை அளத்தல் பொருந்தாது. ஈழத்துப் பேச்சில் பல இடங்களில் பழம் "பளம்" என ஒலிக்கும். அது வட்டார வழக்கு; நோயன்று. இதனை அறியாதவர் குறையில்லாத பிள்ளைக்குக் குறை காண்பார். குறையுள்ள பிள்ளையைக் கவனியாது விடுவார். சிகிச்சையாளரின் தகுதியில் பிள்ளையின் வீட்டு மொழியும் ஒரு பாடமாதல் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்படுமுன், அவ்வழியே திருகோணமலைக்குச் செல்வோர் "பாதை" என வழங்கிய மிதவையிலேயே கடல்நீரைக் கடந்தனர். இன்று அந்நீரைக் கடப்பது எளிது. ஆனால் இராகமை, கிளிவெட்டியிலிருந்து 200 கிலோமீற்றருக்கும் அப்பாலுள்ளது. பேச்சுச் சிகிச்சையோ ஒருநாள் மருந்தன்று. மாதக்கணக்கில், தாயும் உடனிருந்து பழகவேண்டிய பயிற்சி. கிழக்கின் தமிழ்ப் பிள்ளைகள் சிலரேனும் இப்பட்டத்தை நாடிச் சென்று கற்று, தம் ஊர்ப்புறத்துக்கே மீள்வாராயின், அந்தப் பாதை உண்மையில் குறுகும். "பொறு பிள்ளை" என்னும் அப்பம்மாவின் சொல்லுக்கு மாறாக, "வா பிள்ளை, பார்ப்போம்" என்று அவ்வூர்த் தமிழிலேயே கூற ஒருவர் அப்போது இருப்பார்.