ஒளியெறி கருவியும் அதன் காவலரும்: ஒரு வரலாற்று நோக்கு

சினிமாவின் வரலாற்றை எழுத முற்பட்டோர் நடிகரைப் பற்றியும் நெறியாளரைப் பற்றியும் முதலீட்டாளரைப் பற்றியும் விரிவாக எழுதியுள்ளனர். மண்டபத்தின் பின்புறத்தே, வெப்பம் மிகுந்த சிற்றறையொன்றினுள் நின்று படத்தை ஓட்டியவனைப் பற்றி எழுதியோர் மிகச் சிலரே. படம் சீராக ஓடும்வரை எவரும் அவனை நினைப்பதில்லை. படச்சுருள் அறுந்தால் மட்டுமே அவன் நினைவுக்கு வருவான். அதுவும் சீழ்க்கை ஒலியோடும் வசைமொழியோடும். எனினும் மண்டபத்தில் இருந்த நூற்றுக்கணக்கானோரின் உயிர் அவனது கையிலேயே தங்கியிருந்தது. இன்று அச்சிற்றறையும் இல்லை, அவனும் இல்லை. வகுப்பறை மேசை மீது, மாணவர் நடுவே, எறிகருவி வந்து அமர்ந்துள்ளது. ஆபத்து நீங்கிவிட்டதா, அன்றி அதனைக் காத்து நின்றவன் மட்டுந்தான் நீங்கினானா என்பது வரலாற்று மாணவர் எழுப்பவேண்டிய வினாவாகும்.

ஒல்லாந்த அறிஞரான கிறிஸ்ரியான் ஹைகன்ஸ் 1659 ஆம் ஆண்டளவில் அமைத்த மாயவிளக்கே எறிகருவியின் மூதாதை எனலாம். கண்ணாடியில் தீட்டிய சித்திரமொன்றை விளக்கொளியும் வில்லையும் கொண்டு சுவரில் விழுத்துவதே அதன் தொழில். நெய்விளக்கின் ஒளி சிறு கூடத்திற்கே போதுமானது. பெருங்கூட்டத்திற்குக் காட்ட வேண்டின் பேரொளி வேண்டும். ஆதலின் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒட்சிசன், ஐதரசன் ஆகிய இரு வாயுக்களையும் எரித்து அச்சுவாலையைச் சுண்ணாம்புக் கட்டியின் மீது செலுத்தி வெள்ளொளி பெறும் முறை பரவியது. சில கருவிகளில் ஐதரசனுக்குப் பதிலாக ஈதர் ஆவி பயன்படுத்தப்பட்டது. ஒளி மிகுந்தோறும் வெப்பமும், வெப்பத்தோடு ஆபத்தும் மிகுந்தன. எறிகருவியின் பிற்கால வரலாறு முழுவதும் இவ்வொரு சிக்கலைச் சுற்றியே சுழல்கின்றது.

1895 திசெம்பர் 28 இல் பாரிசில் கட்டணம் பெற்றுப் படங்காட்டிய லூமியர் சகோதரர் இச்சிக்கலை உணர்ந்திருந்தனர் என்பதற்குச் சான்றுண்டு. அவர்தம் கருவியில் ஒளியைக் குவிக்கும் வில்லையாக அமைந்தது நீர் நிரப்பிய உருண்டைக் கண்ணாடிக் குடுவையாகும். அந்நீர் ஒளியைக் குவித்தது. அதே வேளை படச்சுருளைத் தாக்கவேண்டிய வெப்பத்தையும் தான் வாங்கிக்கொண்டது. குடுவை உடைந்து நீர் வழிந்தோடினால் ஒளி குவியாது, படமும் எரியாது. கருவி பழுதுறும்போது அப்பழுதே காவலாக மாறும் இவ்வமைப்பு, பின்வந்த பல விலையுயர்ந்த கருவிகளிலும் காணக்கிடையாத நுட்பமாகும்.

ஆயினும் பதினேழு மாதங்கள் கழியுமுன்னரே அதே பாரிசில் பேரிடர் நேர்ந்தது. 1897 மே 4 ஆம் நாள் நடைபெற்ற அறக்கொடைச் சந்தையொன்றில், மரத்தாலும் துணியாலும் அமைந்த கூடத்தினுள் படங்காட்டும் ஏற்பாடு இருந்தது. எறிகருவியின் ஈதர் விளக்கு எரிபொருள் தீர்ந்து மங்கியது. அதனை மீண்டும் நிரப்பிய பின்னர், இருளிற் கண் தெரியாமையால் உதவியாளர் தீக்குச்சியொன்றைக் கிழித்தார். அங்கு பரவியிருந்த ஈதர் ஆவி பற்றிக்கொண்டது. நூற்றிருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவருட் பெரும்பாலோர் உயர்குடிப் பெண்கள். புதிய கலை அன்றே மடிந்துவிடும் என்று அஞ்சியோரும் உண்டு. கலை மடியவில்லை, ஆனால் எறிகருவியைப் பார்வையாளரிடமிருந்து பிரித்து வைக்கவேண்டும் என்னும் எண்ணம் இவ்விடரின் பின்னரே வலுப்பெற்றது.

ஈதர் விளக்கு விரைவில் வழக்கொழிந்தது. ஆனால் அதனினும் கொடிய பகை படச்சுருளுக்குள்ளேயே மறைந்திருந்தது. தொடக்ககாலப் படச்சுருள் நைத்திரோ செலுலோசையும் கற்பூரத்தையும் சேர்த்துச் செய்யப்பட்டதாகும். பூசைத் தட்டில் கற்பூரம் பற்றும் விரைவை அறிந்த நம்மவர்க்கு மேலும் விளக்கம் வேண்டுவதில்லை. எனினும் ஒரு வேறுபாடு உண்டு. இச்சுருள் எரியும்போது தனக்கு வேண்டிய ஒட்சிசனைத் தானே வெளிவிடுவதால் மணலாலோ நீராலோ அதனை அணைத்தல் அரிது. நச்சுப் புகையையும் அது கக்கும். ஓடிக்கொண்டிருக்கும் சுருளுக்கு வில்விளக்கின் வெப்பத்தால் ஊறில்லை. ஒரு கணத்திற்கு மேல் எச்சட்டமும் ஒளியின் முன் நிற்பதில்லை. சுருள் சிக்கி நின்றுவிடின் ஒருசில வினாடிகளிலே தீப்பற்றும். ஆகவே ஓட்டம் தளர்ந்தவுடன் தானாகவே விழுந்து ஒளியை மறைக்கும் உலோகத் தடுப்பு, சுருளை முற்றாக மூடிய இரும்புப் பெட்டி, தீச் சுவாலையை உட்புக விடாத உருளைகள், சிற்றறையின் துவாரங்களை நொடியில் அடைக்கும் தகடுகள் என ஒவ்வொன்றாகத் தோன்றின. பிரித்தானியாவில் 1909 இல் நிறைவேறி 1910 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த சினிமாச் சட்டம், தீத்தாங்கும் தனியறையைக் கட்டாயமாக்கியது. இந்தியாவுக்கு அத்தகைய சட்டம் 1918 இல் வந்தது.

சட்டம் ஓரிடத்தில் இருந்தமையால் எல்லா இடத்திலும் காவல் இருந்தது எனக் கொள்ளலாகாது. 1926 செத்தெம்பர் 5 இல் அயர்லாந்தின் துரும்கொலகர் என்னுஞ் சிற்றூரில், மாடிக் கூடமொன்றில் படங்காட்டியபோது, மேசை மீது திறந்தபடி கிடந்த சுருளில் மெழுகுதிரியின் தீப்பற்றி 48 பேர் மாண்டனர். நகரத்து அரங்குகளுக்கு எழுதிய விதி, நாட்டுப்புறத்துத் தற்காலிகக் கூடங்களை எட்டவில்லை. இவ்வுண்மை ஈண்டு மனங்கொள்ளற்பாலது.

தமிழ்நாட்டிற் சினிமா பரவியதும் இத்தகைய தற்காலிகக் கூடங்களின் வாயிலாகவே. திருச்சிராப்பள்ளியில் இரயில்வேயிற் பணியாற்றிய சாமிக்கண்ணு வின்சென்ட், 1905 இல் தூப்போன் என்னும் பிரெஞ்சுக்காரரிடமிருந்து எறிகருவியையும் படங்களையும் விலைக்கு வாங்கி, வேலையைத் துறந்து, கூடாரத்தோடு ஊரூராகச் சென்றார். 1914 இல் கோயம்புத்தூரில் அவர் நிறுவிய வெரைட்டி ஹால் தென்னகத்தின் தொடக்ககால நிரந்தர அரங்குகளுள் ஒன்றாகும். அவரைத் தொழிலதிபர் என்றே போற்றுவர். அவர் முதற்கண் ஓர் ஓட்டுநர் என்பதையும், துணிக்கூடாரத்தினுள் எரியுஞ் சுருளோடு வாழ்ந்தவர் என்பதையும் நினைப்போர் குறைவு. கூடாரமும் ஓலைக்கொட்டகையும் நெடுங்காலம் நிலைத்தன. 1979 இல் தூத்துக்குடியில் இலட்சுமி டாக்கீஸ் என்னும் கொட்டகை எரிந்து பலர் உயிரிழந்தபோது, எரியுஞ் சுருள் உற்பத்தியை ஈஸ்ற்மன் கொடாக் நிறுவனம் கைவிட்டு ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் கடந்திருந்தன. சுருள் மாறியது, கொட்டகை மாறவில்லை.

இலங்கையில் 1912 ஆம் ஆண்டின் பகிரங்கக் காட்சிகள் கட்டளைச் சட்டம் காட்சிகளை அனுமதிக்கு உட்படுத்தியது. 1928 இல் சிற்றம்பலம் ஏ. கார்டினர் சிலோன் தியேட்டர்ஸ் நிறுவனத்தை அமைத்தபின் அரங்குகள் நகரந்தோறும் பெருகின. அவ்வரங்குகளின் சிற்றறைகளிலே தந்தை மகனுக்கும், மூத்தோன் கையாளுக்கும் கற்பித்த ஒரு தொழிலறிவு வளர்ந்தது. கரிக்கோல்கள் இரண்டின் இடைவெளியில் நேரோட்டம் பாய்ந்து எரியும் வில்லொளியை வெறுங்கண்ணால் நோக்கலாகாது. கழியூதாக் கதிர் கண்ணைக் கெடுக்கும். கரி எரியும் புகையைக் குழாய்வழி வெளியேற்ற வேண்டும். இரண்டாயிரம் அடிச் சுருள் ஏறக்குறைய 22 நிமிடத்தில் முடியும். அதற்குமுன் இரண்டாம் கருவி ஆயத்தமாய் நிற்கவேண்டும். பின்னர் கரிக்கோலுக்குப் பதிலாக வந்த செனன் விளக்கு குளிர்ந்திருக்கும்போதும் உள்ளே பன்மடங்கு வளியமுக்கம் உடையது. முகக்கவசமும் கையுறையும் இன்றி அதனைத் தொடுதல் மடமை. இவையெல்லாம் நூலிற் கற்றவை அல்ல, சூடுபட்டுக் கற்றவை.

அரங்கம் எட்டாத ஊர்களுக்கு 16 மில்லிமீற்றர்ச் சுருள் சென்றது. 1923 இல் கொடாக் நிறுவனம் இதனை வெளியிட்டபோதே எரியாத அசற்றேற்றில் மட்டுமே செய்தது. வீட்டிலும் பாடசாலையிலும் தனியறை அமைக்க இயலாது என்பதால், அறையின் காவலைச் சுருளுக்குள்ளேயே வைத்தனர். எறிகருவியின் வரலாற்றில் இதுவே மிகச் சிறந்த முடிவு எனத் துணிந்து கூறலாம். 1948 இல் அமைந்த அரசாங்கத் திரைப்படப் பிரிவின் விவரணப் படங்கள் நடமாடும் வண்டிகளில், மின்பிறப்பாக்கியோடு, கிராமங்களுக்குச் சென்றமை இச்சுருளால் இயன்றதாகும். மலேரியா ஒழிப்பைப் பற்றி லெஸ்ரர் ஜேம்ஸ் பீரிஸ் 1954 இல் எடுத்த வறண்ட வலயத்தின் வெற்றி என்னும் குறும்படம் அப்பிரிவின் ஆக்கங்களுள் ஒன்று. ஈழத்தின் முதல் தமிழ்ப்படமான சமுதாயம் 16 மில்லிமீற்றரிலேயே உருவானது என்பதும் நோக்கற்பாலது. 35 மில்லிமீற்றரில் 1963 இல் வெளிவந்த தோட்டக்காரி அதற்குப் பிற்பட்டது.

அக்குறும்படம் பேசிய வறண்ட வலயத்தின் ஒரு பகுதியே நாவிதன்வெளி. கல்லோயா அபிவிருத்திச் சபை 1949 இல் தோன்றியபின், இடதுகரை வாய்க்கால்களின் வழியே எண்களாற் பெயர் பெற்ற கொலனிகள் எழுந்தன. இன்றும் மத்திய முகாம், சவளக்கடை, ஐந்தாம் கொலனி, ஏழாம் கொலனி என்பனவே இப்பிரதேசத்தின் வழங்கு பெயர்கள். தமிழரும் முஸ்லிம்களும் அருகருகே வயல் செய்யும் இவ்வூர்களிலிருந்து கல்முனைக்குச் செல்வோர் கிட்டங்கித் தாம்போதியைக் கடக்க வேண்டும். மாரியில் வெள்ளம் அதனை மூடிப் பாய்வது ஆண்டுதோறும் காணும் காட்சி. இத்தகைய ஊரில் எறிகருவி பழுதுற்றால் திருத்துவோனைத் தேடி நகருக்கே போகவேண்டும். ஆகவே பழுதுறாமற் காக்கும் அறிவு இங்கு நகரத்தினும் மிகுதியாக வேண்டப்படுகின்றது.

இலக்கமுறை எறிகருவியின் தோற்றத்தை விரித்துரைக்க இங்கு இடமில்லை. 1980களில் திரவப் பளிங்குத் தகட்டால் ஒளியைக் கட்டுப்படுத்தும் கருவிகள் உருவாகின. 1987 இல் தெக்சாஸ் இன்ஸ்ற்றுமெண்ட்ஸ் நிறுவனத்தின் லறி ஹோர்ன்பெக், எண்ணிறந்த நுண்ணாடிகள் அசையும் சில்லொன்றை ஆக்கினார். 1995 இல் பிலிப்ஸ் நிறுவனம் வெளியிட்ட இரச ஆவி விளக்கே இக்கருவிகளை வகுப்பறைக்குக் கொணர்ந்தது. கைவிரலளவேயான அவ்விளக்கு எரியும்போது உள்ளே ஏறக்குறைய 200 வளிமண்டல அமுக்கம் நிலவும். வில்விளக்கின் பேய் ஒழிந்துவிடவில்லை. பெட்டிக்குள் ஒடுங்கியது, அவ்வளவே.

பழைய ஓட்டுநனின் அறிவு இங்குதான் மீண்டும் தேவைப்படுகின்றது. இரச விளக்கைக் காப்பது காற்றாடி ஒன்றே. காற்றுத் துவாரத்தைப் புத்தகமோ சுவரோ மறைத்தால், அல்லது வடிகட்டியில் தூசி படிந்தால், கருவி வெப்பமேறித் தானே அணையும். பலகாலும் இவ்வாறு நேரின் விளக்கு ஆயுள் குன்றும், சிலவேளை வெடிக்கவுங் கூடும். கடற்கரையின் உப்புக்காற்றும் அறுவடைக்கால வயற்றூசியும் இப்பிரதேசத்தில் ஒருங்கே உண்டு. வடிகட்டியை அடிக்கடி துப்புரவு செய்தல் வேண்டும். பாடம் முடிந்ததும் செருகியைப் பிடுங்குவது பெருந்தவறு. ஆளியை அணைத்து, காற்றாடி ஓய்ந்த பின்னரே மின்னைத் துண்டிக்க வேண்டும். 2022 மார்ச்சு இறுதியில் நாட்டில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு நிலவியது. அத்தகைய திடீர்த் துண்டிப்பில் காற்றாடி நின்றுவிட, கொதிக்கும் விளக்கு தன் வெப்பத்திலேயே வாடும். மின்வெட்டு நேரம் முன்னரே அறிவிக்கப்பட்டிருப்பின், அதற்குச் சில நிமிடம் முன்பே அணைத்துவிடுதல் இலவசமான காப்பாகும். விளக்கு உடைந்தால் இரச ஆவி பரவுமாதலின் மாணவரை வெளியேற்றிச் சாளரங்களைத் திறக்கவேண்டும். சில்லுகளை வெறுங்கையால் அள்ளலாகாது. வில்லையைத் துடைக்க எரியக்கூடிய வாயுத் தெளிப்பான்களைச் சூடான கருவி மீது பாவிப்பது, 1897 இன் ஈதரை வகுப்பறைக்குள் அழைப்பதற்கு ஒப்பாகும்.

மின்னிணைப்பைப் பற்றியும் ஒரு சொல். ஐந்து அம்பியர், பதினைந்து அம்பியர் வட்டமுனைச் செருகிகளும் பதின்மூன்று அம்பியர்ச் சதுரமுனைச் செருகிகளும் இந்நாட்டிற் கலந்து வழங்கியமையால், பொருந்தாத செருகியைப் பொருத்துவதற்குப் புவித்தொடுப்பு முனையைக் குச்சியால் திறப்பதும், அதனை முறித்தே விடுவதும் வழக்கமாயிற்று. ஈரத்தரையில் நிற்கும் ஆசிரியருக்கும் உலோக உடல் கொண்ட கருவிக்கும் இடையே காவலாக நிற்பது அம்முனையே. நீட்சி வடத்தை நடைபாதையின் குறுக்கே இழுத்தலும் ஆகாது. மாணவன் ஒருவன் கால் தடுக்கினால் கருவியும் அவனும் ஒன்றாக வீழ்வர். கூரையிற் பொருத்துவதாயின் மேற்தட்டுப் பலகையில் அன்றி உத்தரத்திலேயே பொருத்த வேண்டும்.

அண்மைக் காலத்தில் பரவும் லேசர் எறிகருவியில் இரசமில்லை. விளக்கு மாற்றும் தொல்லையும் இல்லை. ஆனால் கதிர் வரும் வழியில் நின்று வில்லையை உற்று நோக்குவது கண்ணுக்குத் தீங்காகும். திரைமுன் எழுந்து நிற்கும் சிறுவரே இதற்கு முதலில் இலக்காவர். இவ்வெச்சரிக்கை கருவியின் பக்கத்தே சிற்றெழுத்தில், பெரும்பாலும் ஆங்கிலத்தில் மட்டும், ஒட்டப்பட்டிருக்கும். நாவிதன்வெளிக்கு அயலிலுள்ள காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் 1936 இல் சென்னையிற் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டிற்குத் தலைமை தாங்கினார். விஞ்ஞானத்தைத் தமிழில் எடுத்துரைக்க வேண்டும் என்பதே அம்மாநாட்டின் நோக்கம். அவ்வெச்சரிக்கையைத் தமிழில் எழுதிக் கருவியருகே ஒட்டுவதற்கு மாநாடு ஏதும் வேண்டுவதில்லை. ஒரு தாளும் பசையும் போதும்.

மாரிகாலத்தில் தாம்போதியைக் கடந்து கருவியைக் கொண்டு வருவோர் அதனை இறுக மூடிய பெட்டியில் எடுத்தல் நன்று. குளிரூட்டிய அறையிலிருந்து ஈரவெளிக்கு வந்த கருவியின் வில்லையிலும் உட்பலகைகளிலும் நீர் துளிர்க்கும். அதனை மேசைமேல் வைத்து, உள்ளீரம் உலர ஒரு மணித்தியாலமேனும் விட்டு, அதன் பின்னரே மின்னில் இணைக்க வேண்டும்.