ஃபாரின் போறீங்களா? ஊர் சிம்மை கழற்றாதீங்க, டேட்டா ரோமிங்கை ஆஃப் பண்ணுங்க!

வள்ளியூர்க்காரங்களுக்கு வளைகுடா புதுசில்லை. திருவனந்தபுரத்தில் ஏறினால் சுமார் 4 மணி நேரத்தில் துபாய். அங்கே இறங்கியதும் போன் தானாகவே உள்ளூர் நெட்வொர்க்கைப் பிடிக்கும். டேட்டா ரோமிங் ஆனில் இருந்தால், நீங்க போனைத் தொடாமலேயே ஆப்கள் பின்னணியில் டேட்டாவை இழுக்கும். ரோமிங் பேக் போடாதவர்களுக்கு பில் எகிறும். ப்ரீபெய்டு என்றால் பேலன்ஸ் காலி.

அதனால் விமானம் ஏறும் முன்பே செட்டிங்ஸில் அதை ஆஃப் பண்ணிடுங்க. பயந்துபோய் சிம்மையே வீட்டில் வெச்சிட்டுப் போறவங்களும் உண்டு. அது இன்னும் சிக்கல்! பேங்க் ஓடிபி அந்த நம்பருக்குத்தானே வரும்? ரோமிங்கில் எஸ்எம்எஸ் பெற பொதுவாகக் கட்டணம் கிடையாது. ஆனால் கிளம்பும் முன்பே இன்டர்நேஷனல் ரோமிங் வசதியை ஆக்டிவேட் செய்திருக்கணும், ரீசார்ஜும் விட்டுப்போகக் கூடாது. பேக் இல்லாமல், வரும் அழைப்பை எடுத்தாலே காசு போகும்.

ஒரு வாரப் பயணம் என்றால் ரோமிங் பேக் போதும். அந்த நாடு அதில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்க. மாதக்கணக்கில் வேலை என்றால் அங்குள்ள சிம்தான் லாபம்.

இன்னொன்று: அமீரகத்தில் வாட்ஸ்அப் மெசேஜ் போகும், கால் போகாது. போட்டிம் மாதிரி அங்கு அனுமதியுள்ள ஆப்பை அம்மா போனிலும் இப்பவே போட்டுக் கொடுத்துட்டுக் கிளம்புங்க.