பிசான நெல் வயலில் எந்த வேலை முதலில்?

பிசானப் பருவத்தில் நாளொன்றுக்குப் பத்து வேலை காத்திருக்கும். ஆள் ஒன்றிரண்டு பேர்தான். கண்ணில் பட்டதைத் தொடங்கினால், வரப்பு வெட்டி முடிப்பதற்குள் களைக்கொல்லி இடும் நாள் போய்விடும். எனவே முதல் நாள் மாலையே ஒவ்வொரு வேலையையும் நினைத்துப் பாருங்கள்: நாளைக்குச் செய்யாவிட்டால் எவ்வளவு நஷ்டம்?

தாமிரபரணிப் பாசனத்தில் முதலிடம் தண்ணீருக்கே. கன்னடியன், கோடகன், பாளையங்கால்வாய் எதுவானாலும், முறை வைத்துத் தண்ணீர் விடும் நாட்களில் உங்கள் முறையைத் தவறவிட்டால் அடுத்த முறை வரை வயல் காயும். அன்று மடையைக் கவனித்த பிறகுதான் மற்றவை.

அடுத்து, நாள் தப்பக்கூடாத வேலைகள். குறுகிய கால ரக நாற்றை 18 முதல் 22 நாளிலும், மத்திய கால ரக நாற்றை 25 முதல் 30 நாளிலும் நட்டுவிட வேண்டும். நாற்று முற்றினால் தூர் குறையும். பின்னால் உரம் கூட்டிப் பயனில்லை. பியூட்டாகுளோர் போன்ற களைக்கொல்லியை நட்ட 3-ம் நாள், மணலில் கலந்து, வயலில் லேசாகத் தண்ணீர் நிறுத்தித் தூவ வேண்டும். அடுத்த 2 நாள் தண்ணீரை வடிக்கக்கூடாது. களை முளைத்த பிறகு இதே மருந்தைப் போடுவது வீண் செலவு. நடுகைக்கு முன்பே வாங்கி வையுங்கள். மூன்றாம் நாள் காலையில் கடை தேடி அலைபவர்கள்தான் அதிகம்.

யூரியா மேலுரம் அப்படியல்ல. ஓரிரு நாள் பொறுக்கும். பெருமழை வரும் என்றால் தள்ளிப்போடத்தான் வேண்டும். மருந்து தெளிப்பும் அப்படியே. மேகதூத் செயலியில் மழை முன்னறிவிப்பைப் பார்த்துவிட்டு, அன்றைக்கு வடிகாலைச் சரிசெய்யுங்கள்.

தொடங்கிய வேலையைப் பாதியில் விடாதீர்கள். பாதி வயலை நட்டு, மீதியை ஒரு வாரம் கழித்து நட்டால் பயிர் இரண்டு வயதில் நிற்கும். களைக்கொல்லி, மேலுரம், அறுவடை எல்லாம் இரண்டிரண்டு முறை. ஆள் கிடைக்கும் அளவுக்கே நாற்றைப் பறியுங்கள்.

வயலில் இல்லாத ஒரு வேலையும் உண்டு: பயிர்க் காப்பீடு. அவசரமாகத் தெரியாததால் பலரும் கடைசி நாள் வரை விடுகிறார்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் வயல்கள் மூழ்கியதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நடுகை முடிந்த வாரத்திலேயே ஒரு முற்பகலை ஒதுக்கி, கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கல் வாங்கி, ஆதார், வங்கிப் புத்தக நகலுடன் பொதுச் சேவை மையத்திலோ கூட்டுறவுச் சங்கத்திலோ பதிவு செய்து, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.