எண்ணூர்க் கழிமுகத்தில் தூண்டில்

மீன் பிடிப்போரில் இரு வகையினர் உண்டு. வயிற்றுப் பிழைப்புக்காகப் பிடிப்போர் ஒரு வகையினர்; மனமகிழ்ச்சிக்காகப் பிடிப்போர் மற்றொரு வகையினர். முதல் வகையினரின் வரலாறு நம் நாட்டில் மிகப் பழமையானது. நெய்தல் நிலத்துப் பரதவர் வலையும் தூண்டிலும் கொண்டு கடலோடு வாழ்ந்ததைச் சங்க நூல்களிலேயே காண்கிறோம். இரண்டாம் வகையினரின் வரலாறு அவ்வளவு நீண்டதன்று. கையில் ஒரு கோலும், தோளில் ஒரு பையும், மனத்தில் அளவற்ற பொறுமையும் கொண்டு, கிடைத்தால் மீன், கிடைக்காவிட்டால் காற்று என்று கரையில் அமர்ந்திருக்கும் அந்த வகையினர், சென்னைக்கு வடக்கே இராயபுரம் முதல் எண்ணூர் வரையுள்ள கரையில் எவ்வாறு தோன்றினர் என்பதையும், அவர்களுக்கு வானிலையும் உயிரினங்களும் எவ்வளவு நெருங்கிய உறவு என்பதையும் இன்று சிறிது பார்ப்போம்.

முதலில் இடத்தை மனத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும். கொசஸ்தலையாறு மேற்கிலிருந்து ஓடிவந்து எண்ணூரில் கடலைச் சேருகிறது. சேருமிடத்தில் அகன்ற கழி ஒன்று உண்டு. அக்கழி வடக்கே உப்பங்கழிகளின் வழியாகப் பழவேற்காடு ஏரியோடு தொடர்புடையது. தெற்கே கதிவாக்கம், திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, காசிமேடு, இராயபுரம் என ஊர்கள் வரிசையாக நிற்கின்றன. ஆற்று நீரும் கடல் நீரும் கலக்கும் இடமாதலால், இரண்டிலும் வாழவல்ல மீன்களுக்கு எண்ணூர்க் கழி தாய்மடி போன்றது.

சென்னைப் பட்டணத்து ஐரோப்பியர் இவ்விடத்தை முன்னரே கண்டுகொண்டனர். பாசில் காக்ரேன் என்பவரின் பெயரால் வழங்கிய கால்வாய், சென்னையையும் எண்ணூரையும் இணைத்து 1806-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அதன் நீளம் சுமார் 11 மைல். விறகும் உப்பும் ஏற்றிவரும் படகுகளுக்காக வெட்டப்பட்ட அவ்வழியே, விடுமுறை நாள்களில் உல்லாசப் பயணிகளையும் ஏற்றிச் சென்றது. எண்ணூர் ஓய்விடமாயிற்று, கழிக்கரையில் வீடுகள் எழுந்தன. பிற்காலத்தில் அக்கால்வாய் வடக்கும் தெற்கும் நீட்டப்பட்டு, 1876 முதல் 1878 வரை நாட்டை வாட்டிய பெரும்பஞ்சத்தின்போது நிவாரண வேலையாகப் பல பகுதிகள் வெட்டப்பெற்று, அன்றைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயரைப் பெற்றது. பசித்தவர்களின் கைகள் வெட்டிய கால்வாயில் பொழுதுபோக்குப் படகுகளும் மிதந்தன என்பதை வரலாற்று மாணவர்கள் மறந்துவிடலாகாது.

இந்தியாவில் தூண்டில் விளையாட்டைப் பற்றிப் பெயர்பெற்ற நூலை எழுதியவர் சென்னை மாகாணத்தின் ஆட்சிப் பணியாளரே. ஹென்றி சல்லிவன் தாமஸ் என்பது அவர் பெயர். தென் கன்னடத்தில் கலெக்டராக இருந்தபோது ஆற்று மீன்களைப் பெருக்கும் முயற்சிகளில் ஈடுபட்டவர். 'தி ராட் இன் இந்தியா' என்ற அவருடைய நூல் 1873-இல் வெளிவந்தது. குளங்களில் தூண்டில் போடுவதைப் பற்றி 1887-இல் தனி நூலே எழுதினார். அதே காலத்தில் சென்னைப் படையின் மருத்துவராக வந்து மீன் ஆராய்ச்சியில் மூழ்கிப்போனவர் பிரான்சிஸ் டே. இந்திய மீன்களைப் பற்றி 1875 முதல் 1878 வரை பகுதி பகுதியாக வெளிவந்த அவருடைய பெருநூலில், மீன்களின் தமிழ்ப் பெயர்களும் குறிக்கப்பட்டுள்ளன. தாமஸின் பெயரை ஒரு கெண்டை இன மீனுக்குச் சூட்டியவரும் டேயே.

இவ்விருவருக்கும் நெடுங்காலம் முன்பே, தரங்கம்பாடியில் இருந்த ஜான் என்ற பாதிரியார் நம் கடல் மீன்களைப் பெர்லினிலிருந்த பிளாக் என்ற அறிஞருக்கு அனுப்பிவந்தார். பிளாக் ஒரு கத்தாழை மீன் இனத்துக்கு ஜானின் பெயரை வைத்தார். அவ்வினத்துள் ஒன்றுக்கு அவர் இட்ட 'கறுட்டா' என்னும் சிறப்புப் பெயர், நம் செம்படவர் வழங்கிய 'கறுத்த கத்தாழை'யிலிருந்து வந்ததே. உலகமெங்கும் விலங்கியல் மாணவர்கள் இலத்தீன் என்று எண்ணிப் படிக்கும் பெயருள் தமிழ் ஒளிந்திருக்கிறது.

தாமஸும் டேயும் வெறும் விளையாட்டைப் பற்றி மட்டும் கவலைப்பட்டவர்கள் அல்லர். சிறு குஞ்சுகளையும் வாரிவிடும் வலைகள், நீரில் கலக்கும் நஞ்சு, ஆற்றை மறிக்கும் அணைகளில் பொறி வைத்தல் ஆகியவற்றால் மீன்வளம் அழியும் என்று விடாமல் எழுதினர். 1897-இல் இந்திய மீன்வளச் சட்டம் வந்தது. வெடியும் நஞ்சும் கொண்டு மீனைக் கொல்வது குற்றமாயிற்று. ஆனால் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். துரைமார் வேட்டையாடியும் தூண்டில் போட்டும் மகிழ்ந்த நீலகிரிக்கு 1879-லேயே வேட்டை விலங்குகளையும் மீன்களையும் காக்கத் தனிச் சட்டம் செய்யப்பட்டுவிட்டது. டிரௌட் என்னும் அயல்நாட்டு மீனுக்காக அவலாஞ்சியில் குஞ்சு பொரிக்கும் நிலையமும் பின்னர் அமைந்தது. எண்ணூர்க் கழிக்கோ அத்தகைய காவல் கிடைக்கவில்லை. மலையில் விடப்பட்ட விருந்தாளி மீனுக்குக் கிடைத்த மதிப்பு, கழியில் பிறந்த கொடுவாவுக்குக் கிடைக்கவில்லை என்பது என் கருத்து.

கொடுவாவைப் பற்றிச் சிறிது விரித்துச் சொல்லியே ஆகவேண்டும். எண்ணூர்த் தூண்டிற்காரரின் கனவு அதுதான். முதுகு வளைந்து, வாய் அகன்று, கண் இருளில் ஒளிர்வது. தூண்டில் முள் பட்டவுடன் நீரைக் கிழித்துக்கொண்டு மேலே துள்ளித் தலையை உதறும். இம்மீனின் வாழ்க்கை வியப்பானது. பெரும்பாலும் ஆணாக வளர்ந்து, சில ஆண்டுகளுக்குப் பின் பெண்ணாக மாறுகிறது. நன்னீரிலும் வாழும், ஆயினும் முட்டையிட உப்பு நீரை நாடிக் கழிமுகத்துக்கு வரவேண்டும். ஆகவே மிகப் பெரிய கொடுவாக்களெல்லாம் தாய் மீன்கள். அத்தகைய ஒன்றைப் பிடித்தவர் படம் எடுத்துக்கொண்டு திரும்ப நீரில் விட்டுவிடுவது இப்போது சிலரிடம் வழக்கமாகியிருக்கிறது. பழைய நாளில் இவ்வழக்கத்தைக் கேட்டால் நம் பாட்டிமார் சிரித்திருப்பார்கள்.

கொடுவாவைத் தவிரக் காலா, மடவை, கிழங்கான், கீச்சான், பாறை, செப்பிலி எனப் பல மீன்கள் பருவந்தோறும் வந்துபோகும். பருவத்தை அறிவிப்பது காற்று. கிழக்கே கொண்டல், மேற்கே கோடை, தெற்கே தென்றல், வடக்கே வாடை என நால்வகைக் காற்றை நம் முன்னோர் வகுத்தனர். கடற்கரையில் மேல்காற்றுக்குக் கச்சான் என்று பெயர். கோடைக் காலத்து விடியற்காலையில் கச்சான் வீசினால் கரையோரக் கடல் குளம்போல் அடங்கியிருக்கும். பகல் ஏறியதும் கடற்காற்று உள்ளே நுழையும். அது தாமதித்த நாளில் பட்டணம் வெந்துபோகும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. சென்னை ஆண்டில் பெறும் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழையில் பாதிக்கு மேல் இம்மழையே. அப்போது கொசஸ்தலையாறு செந்நீராய்ப் பெருகி, கோடையில் மணல் திட்டால் அடைபட்டுக் கிடக்கும் முகத்துவாரத்தை உடைத்துத் திறக்கும். கழி மூச்சுவிடுவது அந்த நாள்களில்தான். இறால் கடலுக்கு இறங்கும். இறாலின் பின்னே கொடுவா வரும். கொடுவாவின் பின்னே மனிதன் வருவான். பனிக்காலத்தில் வடநாடுகளிலிருந்து வந்து, வானத்திலிருந்து பாய்ந்து மீனைக் கவ்வும் விராலடிப்பான் என்ற பருந்தும் இக்கூட்டத்தில் சேர்ந்துகொள்ளும்.

இம்முகத்துவாரம் மணலால் அடைபடுவதற்குச் சென்னைத் துறைமுகத்தின் வரலாற்றோடும் தொடர்பு உண்டு. நம் கரையோரமாக மணல் ஓயாமல் நகர்ந்துகொண்டிருக்கிறது. ஆண்டின் பெரும்பகுதியில் தெற்கிலிருந்து வடக்கே செல்லும். வாடைக் காலத்தில் மட்டும் தெற்கே திரும்பும். கணக்குப் பார்த்தால் வடக்கே செல்வதே மிகுதி. 1876-இல் துறைமுகத்தின் கற்சுவர்கள் கடலுக்குள் நீளத் தொடங்கின. 1881 நவம்பரில் புயல் வந்து, ஏறத்தாழ முடிந்திருந்த சுவர்களைச் சிதைத்தது. மீண்டும் கட்டினார்கள். சுவர் நின்றது, மணலின் பயணமும் நின்றது. தெற்கே மணல் குவிந்து மெரீனா அகன்றது. வடக்கேயோ, வரவேண்டிய மணல் வராமையால் இராயபுரம், திருவொற்றியூர்க் குப்பங்களைக் கடல் தின்னத் தொடங்கியது. மெரீனாவில் காற்று வாங்குபவரின் காலடி மணலில் ஒரு பகுதி வடசென்னை மீனவனின் வாசலில் இருந்திருக்க வேண்டியது.

அரிப்பைத் தடுக்க நெடுகக் கருங்கற்களைக் கொட்டினர். 2004-ஆம் ஆண்டு முதல், கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கற்கரைகள் வரிசையாக அமைக்கப்பட்டன. அவற்றுக்குத் தமிழில் வழங்கும் பெயர் 'தூண்டில் வளைவு'. பெயருக்கேற்ப, இன்று வடசென்னையில் பொழுதுபோக்காகத் தூண்டில் போடுவோர் பெரிதும் அமர்வது அவற்றின்மேல்தான். கற்களின் இடுக்கில் பாசி பிடிக்கிறது. பாசியை நாடிச் சிறு மீனும், நண்டும், அவற்றை நாடிக் கலவாவும் செப்பிலியும் வருகின்றன. ஆலைத் தொழிலாளி, கல்லூரி மாணவன், ஓய்வுபெற்ற துறைமுக ஊழியர் என எல்லோரும் அங்கே ஒரே வரிசையில் இருக்கிறார்கள். ஒரு காலத்தில் துரைமாருக்கு உரியதாயிருந்த விளையாட்டு இவ்வாறு ஊர் மக்களுடையதாயிற்று. விலையுயர்ந்த ரீல் இல்லாவிட்டாலும் கவலையில்லை. நைலான் நரம்பு சுற்றிய ஒரு கட்டை, ஈயக்குண்டு, முள், இரை ஆகியவை போதும்.

இக்கற்களின்மேல் செல்லும் இளைஞர்களுக்குச் சில செய்திகள் பயன்படும். நம் கடலில் ஓதம் ஒரு நாளில் இருமுறை ஏறி இருமுறை வற்றும். பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாள்களில் ஏற்ற இறக்கம் ஏறத்தாழ ஒரு மீட்டர். ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் பின்தள்ளி வரும். ஓதம் ஏறத் தொடங்கும் நேரமே தூண்டிலுக்கு நல்ல நேரம். ஆனால் நாம் வந்த வழியிலுள்ள தாழ்ந்த கல் நீரில் மூழ்கும் நேரமும் அதுவே. பாசி படிந்த கல் எண்ணெய் தடவியது போன்றது. வானம் தெளிந்து, காற்று அடங்கி இருக்கும்போதும் தென்கடலில் எங்கோ எழுந்த பேரலை திடீரென்று வந்து ஏறுவதுண்டு. கேரள மீனவர் அதனைக் 'கள்ளக்கடல்' என்கின்றனர். ஐதராபாத்திலுள்ள கடல்சார் தகவல் மையம் அதனை முன்கூட்டி அறிவிக்கிறது. இடி இடிக்கையில் நீண்ட கோலை உயர்த்திப் பிடித்திருப்பது மின்னலை அழைப்பதற்கு ஒப்பாகும். கெளிறு, ஓரா, திருக்கை ஆகியவற்றின் முள் தைத்தால், பொறுக்கத்தக்க சூடுள்ள வெந்நீரில் அவ்வுறுப்பை அரைமணி நேரத்துக்குக் குறையாமல் வைத்திருந்து, பின் மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

இவற்றைவிடப் பெரிய ஆபத்து மீனுக்கும் கழிக்கும் வந்திருப்பது. 1970-இல் எண்ணூர் அனல் மின் நிலையம் இயங்கத் தொடங்கியது, 2017-இல் மூடப்பட்டது. அதற்குள் கழிக்கு வடக்கே வேறு பெரிய மின் நிலையமும், 2001-இல் புதிய துறைமுகமும் வந்துவிட்டன. வெந்நீரும், குழாய்களிலிருந்து கசிந்த சாம்பலும் கழியில் சேர்ந்தன, ஆழம் குறைந்தது. 2017 சனவரி 28-ஆம் நாள் எண்ணூருக்கு வெளியே இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கரையெங்கும் படிந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய் கழிக்குள் புகுந்தது. கூழைக்கடாக்கள் சிறகெல்லாம் கறுத்து நின்றன.

தூண்டிற்காரருக்கு அன்று மீன் இல்லை. வேறு இடம் தேடிப் போய்விட முடிந்தது. கழியில் இறங்கிக் கையாலேயே துழாவி இறால் பிடித்து, பனையோலைப் பறியில் சேர்க்கும் மீனவருக்கும் இருளருக்கும் வேறு கழி இல்லை. கொடுவாவுக்கு மாட்டும் உயிர் இறால் பெரும்பாலும் அவர்களுடைய பறியிலிருந்தே வருகிறது. அண்மை ஆண்டுகளில் தென் அமெரிக்காவைச் சேர்ந்த ஒருவகை ஆழி எண்ணூர்க் கழியின் அடித்தரையில் கம்பளம்போல் பரவியிருக்கிறது. ஊரார் அதைக் காக்கா ஆழி என்கின்றனர். கூர்மையான அதன் ஓடுகள் கிடக்கும் இடத்தில் கைவிட்டு இறால் தேட முடிவதில்லை. இறால் மேயும் சேற்றையும் அது மூடிவிடுகிறது.