ஒரு கூட்டல் குறி எப்படி வேகமானது?

இந்த எபிசோடில் ஒரு சின்னக் குறியோட வரலாற்றைப் பார்க்கப் போறோம். கூட்டல் குறி. இரண்டும் மூன்றும் ஐந்துன்னு எந்தக் கம்ப்யூட்டரும் சொல்லிடும். ஆனா பத்து லட்சம் எண்கள் இருக்கிற ரெண்டு பட்டியலை அதே குறியால கூட்டலாமா? கூட்டினா வேகம் என்ன ஆகும்? சி பிளஸ் பிளஸ் மொழி இதுக்கு நல்ல பதில் கண்டுபிடிக்க பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு.

கதை 1979-ல் தொடங்குது. டென்மார்க்கைச் சேர்ந்த பியார்னே ஸ்ட்ரவுஸ்ட்ரப், அமெரிக்காவின் பெல் லேப்ஸில் சேர்ந்த வருஷம். கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி செய்தபோது சிமுலா மொழியில் புரோகிராம் எழுதியிருந்தார். எழுத அருமையா இருந்தது, ஓட்டினா ஆமை வேகம். எழுத சுகமாவும் இருக்கணும், சி மொழி மாதிரி வேகமாவும் ஓடணும். இந்த ஆசையில் பிறந்ததுதான் 1983-ல் சி பிளஸ் பிளஸ்னு பெயர் வாங்கிய மொழி.

அந்தக் காலகட்டத்திலேயே ஆபரேட்டர் ஓவர்லோடிங் மொழிக்குள் வந்துடுச்சு. நீங்க உருவாக்கின ஒரு டைப்புக்கு +, *, < மாதிரி குறிகள் என்ன செய்யணும்னு நீங்களே சொல்லலாம். அப்போ இதைப் பத்தி நிறைய பயம் இருந்தது. கம்பைலர் பூதாகரமாகும், கத்துக்கொடுக்க முடியாது, வேகம் குறையும், படிச்சா புரியாது. ஸ்ட்ரவுஸ்ட்ரப் இதையெல்லாம் எடைபோட்டுப் பார்த்துட்டுத்தான் சேர்த்தார். ஆனா 1995-ல் வெளிவந்த ஜாவா வேற முடிவு எடுத்தது. டெக்ஸ்ட்டை இணைக்கிற + தவிர, புரோகிராமர் எந்தக் குறிக்கும் புது அர்த்தம் தர முடியாது. அதனாலதான் ஜாவாவில் பெரிய முழு எண்களைக் கூட்ட இன்னைக்கும் 'ஆட்'னு ஒரு மெத்தடைக் கூப்பிடறோம்.

அடுத்து டெம்ப்ளேட். ஒரே வேலையை முழு எண்ணுக்கு ஒரு தடவை, தசம எண்ணுக்கு ஒரு தடவைன்னு ஏன் எழுதணும்? டைப் இருக்கிற இடத்தைக் காலியா விட்டு ஒரு அச்சு செய்துட்டா, தேவையான டைப்பைப் போட்டு கம்பைலரே வார்த்துக்கும். 1988-ல் டென்வரில் நடந்த ஒரு மாநாட்டில் ஸ்ட்ரவுஸ்ட்ரப் இந்தத் திட்டத்தை முன்வைத்தார்.

இப்போ ரெண்டையும் சேர்த்துப் பாருங்க. 'ரெண்டில் பெரியது எது'ன்னு ஒரு டெம்ப்ளேட் எழுதறோம். உள்ளே இருக்கிறது ஒரே ஒரு < குறி. வரப்போற டைப் எதுன்னு டெம்ப்ளேட்டுக்குத் தெரியாது. தேதியா, பணமா, மாணவர் விவரமா? எதுவானாலும் அந்த டைப்புக்கு < எழுதியிருந்தா போதும், வேலை நடக்கும். ஒருத்தரை ஒருத்தர் பார்த்தே இராத ரெண்டு புரோகிராமர்களுக்கு நடுவில் குறிதான் பொது மொழி.

இதை முழுசா பயன்படுத்திக்கிட்டவர், மாஸ்கோவில் பிறந்து ஹியூலெட் பேக்கார்ட் ஆய்வகத்தில் வேலை பார்த்த அலெக்சாண்டர் ஸ்டெபனோவ். அவரும் மெங் லீயும் உருவாக்கிய எஸ்.டி.எல். நூலகத்தை சி பிளஸ் பிளஸ் தரக்குழு 1994 ஜூலையில் ஏற்றுக்கொண்டது. பட்டியலில் அடுத்த இடத்துக்கு நகர ++, அங்கே இருக்கிற மதிப்பை எடுக்க *. சி மொழியின் பாயின்டருக்கு இருந்த அதே குறிகள். அதனால பழைய அரேயும் புதிய பட்டியலும் ஒரே சார்ட்டிங் கோடுக்குள் போக முடிஞ்சது.

ஆனா அறிவியல் கணக்கு போடறவங்களுக்கு இது போதலை. 'அ + ஆ + இ'ன்னு மூணு பெரிய பட்டியலைக் கூட்டினா, முதல் கூட்டலுக்கு ஒரு தற்காலிகப் பட்டியல், அடுத்ததுக்கு இன்னொண்ணு. பத்து லட்சம் எண்களையும் மெமரியில் திரும்பத் திரும்ப எழுதிப் படிக்கணும். ஃபோர்ட்ரானோ ஒரே சுற்றில் முடிச்சிடும். அழகா எழுதினதுக்கு அபராதம் மாதிரி.

1995-ல் டாட் வெல்ட்ஹூய்சன் ஒரு வழி சொன்னார். டேவிட் வாண்டவூர்டும் தனியா அதையே கண்டுபிடிச்சிருந்தார். யோசனை இதுதான்: + குறி கூட்டவே வேண்டாம். 'இதையும் அதையும் கூட்டணும்'னு ஒரு சீட்டு மட்டும் எழுதித் தரட்டும். அந்தச் சீட்டோட டைப், டெம்ப்ளேட்டுக்குள் டெம்ப்ளேட்டா, முழுக் கணக்கையும் சுமக்கும். கடைசியில் = வரும்போது ஒரே சுற்றில் எல்லாம் நடக்கும். தற்காலிகப் பட்டியலே கிடையாது. இதுக்குப் பேர் எக்ஸ்பிரஷன் டெம்ப்ளேட். இன்னைக்கு ஐகன் நூலகம் இப்படித்தான் ஓடுது. மெஷின் லேர்னிங் பண்றவங்களுக்குத் தெரிஞ்ச டென்சர்ஃப்ளோ அந்த ஐகனைப் பயன்படுத்துது.

இதுக்கும் ஒரு விலை உண்டு. ஒரு சின்னத் தப்புக்கு பக்கம் பக்கமா எரர் மெசேஜ் வரும். அதை விட மோசம், சத்தமே இல்லாத தப்பு. நம்ம 'பெரியது எது' டெம்ப்ளேட்டுக்குள் சி பாணியில் ரெண்டு பெயர்களைப் பாயின்டரா கொடுத்துப் பாருங்க. அகர வரிசையைப் பார்க்காம, மெமரி முகவரிகளை ஒப்பிட்டு ஒரு பதில் தந்துடும். குறி ஒண்ணுதான், அர்த்தம் வேற.

இந்த டெம்ப்ளேட்டுக்கு எந்தக் குறிகள் தேவைன்னு முன்கூட்டியே எழுதி வைக்கிற 'கான்செப்ட்ஸ்' வசதி 2009-ல் தரக்குழுவால் நீக்கப்பட்டு, 2020 தரத்தில்தான் மொழிக்குள் வந்தது. எரர் மெசேஜுக்கு அது மருந்து. ஆனா ஒரு குறி இருக்கான்னு கம்பைலர் பார்க்கலாமே தவிர, அது நீங்க நினைக்கிறதைத்தான் செய்யுதான்னு பார்க்க முடியாது. அதனால உங்க டைப்புக்கு ஒரு + எழுதும்போது, உங்களைத் தெரியாத ஒருத்தர் எழுதின டெம்ப்ளேட் அதை நம்பப் போகுதுன்னு நினைச்சு எழுதுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.