சலப்பைக் கல்லும் அரபு மருத்துவரும்

கல்லடைப்புக்கு யூனானி ஹகீம்மார் இன்றும் பாவிக்கும் மருந்துகளில் ஒன்று ஹஜருல் யஹூத். பெயரின் பொருள் ‘யூதர் கல்’. ஒலிவ் கொட்டை போலிருக்கும், மேலே நெடுக வரி ஓடியிருக்கும். உண்மையில் அது கல்லாகிப்போன கடல் முள்ளெலியின் முள். பலஸ்தீன், ஷாம் பக்கம் கிடைப்பது.

முதலாம் நூற்றாண்டில் கிரேக்க மருத்துவர் டியோஸ்கோரிடிஸ் இதைப் பற்றி எழுதினார். கடலையளவு எடுத்துச் சாணைக்கல்லில் உரைத்து, சுடுதண்ணியில் கலந்து குடித்தால் சலக்கடுப்பு தீரும், சலப்பைக் கல் உடையும் என்றார். அடுத்த நூற்றாண்டில் வந்த ஜாலீனூஸ் இதை முழுசாக ஏற்கவில்லை. கொடுத்துப் பார்த்தேன், சலப்பைக் கல்லை ஒன்றும் செய்யவில்லை, சிறுநீரகக் கல்லுக்குத்தான் பலன் தந்தது என்று எழுதிவைத்தார். ஹுனைன் இப்னு இஸ்ஹாக் (மரணம் 873) போன்றோரின் உழைப்பால் இந்த இருவரும் பக்தாதில் அரபுக்கு வந்தார்கள். 1248இல் டமஸ்கஸில் மரணித்த இப்னுல் பைத்தார், முன்னோர் கூற்றுக்களை அவரவர் பெயரோடுதான் தன் மருந்து நூலில் எடுத்தெழுதினார். “எல்லாத்தையும் நாங்கதான் கண்டுபிடிச்சோம்” என்று மேடைகளில் முழங்குவோர் அந்த நூலைத் திறந்து பார்ப்பது நல்லது.

குடிக்கும் மருந்து சலப்பைக்குப் போதாத இடத்தில் குர்துபாவின் அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவி வேறு வழி பார்த்தார். ‘அத்தஸ்ரீஃப்’ என்ற அவருடைய நூலின் கடைசிப் பாகமான முப்பதாவது பாகம் சத்திரசிகிச்சை பற்றியது. சலம் அடைத்தவருக்கு இறகுத் தண்டு போல மெல்லிய வெள்ளிக் குழாய். சலப்பைக்குள் புண்ணோ சீழோ கட்டிய இரத்தமோ இருந்தால், மருந்து நீரை நேரே உள்ளே செலுத்த ஒரு பீச்சாங்குழல். கருவிகளின் படங்களையும் வரைந்து வைத்திருக்கிறார். பெரிய கல்லென்றால் வெட்டித்தான் எடுக்க வேண்டும். அதற்குத் தனி அத்தியாயம்.

என்னை நிறுத்தி வாசிக்க வைத்தது அதற்கடுத்த அத்தியாயம், பெண்களின் கல் பற்றியது. பெண்களுக்கு இது அரிது, வந்தால் வைத்தியம் கடினம் என்கிறார். கற்புள்ள பெண் ஆண் மருத்துவரிடம் உடம்பைக் காட்டமாட்டாள். இந்தக் கலை தெரிந்த பெண்ணோ கிடைப்பதில்லை. ஆகவே கைதேர்ந்த மருத்துவிச்சியைத் தேடு, பக்கத்தில் நின்று சொல்லிக்கொடு, அவள் கையால் செய்யட்டும் என்கிறார். சலக்கடுப்பை டொக்டரிடம் சொல்ல வெட்கப்பட்டு, நெருஞ்சி முள்ளை அவித்துக் குடித்துக்கொண்டே வருசக்கணக்காக மறைத்த எங்கட மூத்தம்மாமாரை அறிந்தவர்களுக்கு, ஆயிரம் வருசத்துக்கு முந்திய அந்தப் பக்கம் அன்னியமாகத் தெரியாது.