இரண்டாம் முறை கூடாது

போன மாதம் பேத்தியின் பூனை சாகக் கிடந்தது. ரத்தம் குறைந்து ஈறெல்லாம் வெள்ளைவெளேரென்று ஆகிவிட்டது. பொருத்தமான பூனை ரத்தம் எங்கும் கிடைக்கவில்லை. "நாய் ரத்தம் ஏற்றிப் பார்க்கலாம். இதற்கு முன் எப்போதாவது ஏற்றியிருக்கிறீர்களா?" என்று கேட்டார் மருத்துவர். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கூடவே, பிரெஞ்சில் எப்போதோ படித்த ஒரு வழக்கும் ஞாபகம் வந்தது.

பதினான்காம் லூயி காலம். 1667 ஜூனில் பாரிஸில் ழான் பத்திஸ்த் தெனி என்ற மருத்துவர், காய்ச்சலில் கிடந்த 15 வயதுப் பையனுக்கு ஆட்டுக்குட்டியின் ரத்தத்தை ஏற்றினார். வைத்தியம் என்ற பெயரில் அதற்கு முன் அவன் உடம்பிலிருந்து பல தடவை ரத்தம் இறக்கியிருந்தார்கள்! பையன் பிழைத்துக்கொண்டான்.

அந்த டிசம்பரில் அந்துவான் மொருவா என்ற, புத்தி பேதலித்த மனிதருக்குக் கன்றுக்குட்டியின் ரத்தம் ஏற்றினார். சாதுவான பிராணியின் ரத்தம் அவரையும் சாதுவாக்கும் என்று நம்பிக்கை. முதல் முறை பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. இரண்டாம் முறை வியர்த்துக் கொட்டியது, வாந்தி வந்தது, சிறுநீர் கரியாகக் கறுத்தது. ஏறிய ரத்தத்தை உடம்பு அழித்ததன் அடையாளம் அது.

1668-ல் மொருவா இறந்தார். வழக்கு நடந்தது. மனைவி விஷம் வைத்தாள் என்ற சந்தேகம் எழுந்து தெனி விடுபட்டார். ஆனால் பாரிஸ் மருத்துவப் பீடத்தின் சம்மதமில்லாமல் ரத்தம் ஏற்றக் கூடாதென்று உத்தரவாயிற்று. அத்தோடு அந்த வைத்தியமே நின்றுபோனது. மனித ரத்தத்தில் பிரிவுகள் உண்டென்று வியன்னாவில் லாண்ட்ஸ்டைனர் எழுதியது 1901-ல்தான்.

பூனைக்கும் ஏ, பி, ஏபி என்று பிரிவுகள் உண்டாம். பி பிரிவுப் பூனைக்கு ஏ பிரிவு ரத்தம் ஏற்றினால் முதல் தடவையிலேயே உயிர் போகலாம். நாய் ரத்தத்துக்கு மட்டும் பூனை உடம்பில் முன்கூட்டியே எதிர்ப்பு கிடையாது. அதனால் முதல் தடவை பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். ஆனால் ஒரு வாரத்துக்குள் அந்த ரத்தம் அழிந்துவிடும். எதிர்ப்பும் உருவாகிவிடும். அதன்பின் மறுபடி ஏற்றினால் எமன்தான். கிடைப்பது நாலைந்து நாள் அவகாசம். அதற்குள் பூனையின் உடம்பு தன் ரத்தத்தைத் தானே ஊற வைத்துக்கொள்ள வேண்டும்.

மருத்துவர் ஏன் அப்படிக் கேட்டார் என்பது அப்போதுதான் புரிந்தது.

பூனை பிழைத்துவிட்டது. ஆயுள் முழுக்கக் கோப்பு எழுதிய கை சும்மா இருக்குமா? அதன் தடுப்பூசி அட்டையில் தேதி போட்டு, சிவப்பு மையில் எழுதி வைத்தேன்: "நாய் ரத்தம் ஏற்றப்பட்டது. இனி ஒருபோதும் ஏற்றக் கூடாது."